சிறு புகைவண்டியின் கதை

இருப்புப் பாதையில் ஓடும் வண்டிக்குத் தமிழ் மக்கள் இட்ட பெயர் புகைவண்டி என்பதாகும். தெலுங்கு நாட்டாரும் அதனைப் 'பொகபண்டி' என்றே வழங்கினர். வண்டியின் வேகத்தையோ நீளத்தையோ, அது சுமந்து சென்ற பாரத்தையோ கருதி இப்பெயர் எழவில்லை. கண்ணுக்கு எது முதலில் புலப்பட்டதோ அதுவே பெயராயிற்று. வயல்வெளிக்கு அப்பால் முதலில் ஒரு புகைக்கோடு எழும். பின்னர் ஓசை கேட்கும். அதன் பின்னரே வண்டி தோன்றும். இன்று புகை மறைந்துவிட்டது. பெயர் மட்டும் நம் நாவில் தங்கியிருக்கிறது.

தமிழ்நாட்டை விட்டு ஐதராபாத்துப் பக்கம் வந்து குடியேறியவர்களுள், செகந்தராபாத்தை அடுத்த மல்காஜ்கிரி, லாலாகுடா, மௌலாலி ஆகிய பகுதிகளில் வாழ்வோர்க்கு இரயிலின் ஓசை அன்றாட வாழ்வின் ஒரு பகுதியாகும். 1806-ஆம் ஆண்டில் செகந்தராபாத் பாசறை நகரமாக அமைந்த காலந்தொட்டே, சென்னைப் படையோடு தமிழர் பலர் இங்கு வந்து தங்கினர். 1874-ஆம் ஆண்டில் வாடியிலிருந்து செகந்தராபாத் வரை நிஜாம் அரசின் இருப்புப் பாதை திறக்கப்பட்டது. 1893-ஆம் ஆண்டில் லாலாகுடாவில் இரயில்வேப் பணிமனை நிறுவப்பட்டது. அந்நூற்றாண்டு முடிந்து அடுத்தது தொடங்கும் தறுவாயில், கோதாவரிப் பள்ளத்தாக்கின் வழியாக மன்மாட் நோக்கிச் செல்லும் மீட்டர் பாதை மல்காஜ்கிரியை ஊடுருவிச் சென்றது. 1930-இல் அப்பாதைகளையெல்லாம் நிஜாம் அரசே ஏற்றுக்கொண்டது. 1950-இல் அவை இந்திய அரசின் கைக்கு மாறின. 1966 அக்டோபர் 2-ஆம் நாள் செகந்தராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தென்மத்திய இரயில்வே பிறந்தது. நிலக்கரித் தூசியும் நீராவியின் சீழ்க்கையும் இவ்வூர் மக்களின் பல தலைமுறைகளுக்குப் பழக்கமானவை.

இப்பொழுது அப்பாதைகளில் மின்சார எஞ்சின்களும் டீசல் எஞ்சின்களுமே ஓடுகின்றன. ஆயினும் விட்டுப்போன புகை வேறொரு வழியில் வீட்டுக்குள் வந்து சேர்ந்திருக்கிறது. மேசையின்மேல் வளையமிட்ட சிறு தண்டவாளம். அதன்மீது ஒரு சாண் நீளமுள்ள எஞ்சின். அதன் புகைபோக்கியிலிருந்து மெல்லிய வெண்புகை. அதனை நடத்துவதோ சிறுவன் கையிலுள்ள திறன்பேசி. இது வெறும் விளையாட்டுப் பொருள் என்று நாம் ஒதுக்கிவிடலாகாது. மறைந்துபோன ஒரு பெரும் பொறியின் உயிர்ப்பை மீண்டும் பெற மனிதன் மேற்கொண்ட முயற்சியின் வரலாறு இதில் அடங்கியிருக்கிறது.

அவ்வரலாற்றை அறிவதற்கு முன், உண்மையான எஞ்சினின் மூச்சு எத்தகையது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். புகைவண்டி என்னும் பெயர் பாதி உண்மையே. எஞ்சினின் புகைபோக்கியிலிருந்து வெளிப்படுவன இரண்டு பொருள்கள். ஒன்று, அடுப்பில் எரிந்த நிலக்கரியின் புகை. மற்றொன்று, வேலை செய்து முடித்த நீராவி. சிலிண்டரில் உந்துதண்டைத் தள்ளிய ஆவி, எஞ்சினின் முன்புறமுள்ள புகையறையில் ஊதுகுழாய் வழியாக மேல்நோக்கிப் பாய்கிறது. அவ்வாறு பாயும்போது அடுப்பின் புகையையும் தன்னோடு இழுத்துச் செல்கிறது. அந்த இழுப்பினால் அடுப்பினுள் புதுக்காற்றுப் புகுந்து தீ வளர்கிறது. எனவே எஞ்சின் எவ்வளவு கடினமாக உழைக்கின்றதோ அவ்வளவு வன்மையாகத் தீயும் மூளும். இரண்டு சிலிண்டர் கொண்ட எஞ்சினில், பெருஞ்சக்கரம் ஒருமுறை சுற்றினால் நான்குமுறை ஆவி வெளியேறும். நாம் கேட்ட 'குப், குப்' என்னும் ஒலி அதுவே. ஓசை, புகை, வேகம், பாரம் ஆகிய நான்கும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை. ஒன்றை அசைத்தால் மற்றவையும் அசையும்.

இனிச் சிறு வண்டிக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் விற்கப்பட்ட முதல் பொம்மை எஞ்சின்கள் பித்தளையால் ஆனவை. அவற்றினுள் நீரை ஊற்றி, அடியில் சாராய விளக்கை ஏற்றினால், மெய்யான ஆவியினாலேயே அவை ஓடின. அவற்றுக்குத் தண்டவாளமும் இல்லை, நிறுத்தும் விசையும் இல்லை. வீட்டுத் தரையில் நீரைச் சொட்டிக்கொண்டே ஓடி, சுவரில் மோதி நிற்பவை அவை. பர்மிங்காம் நகரின் பெயரோடு 'சொட்டு வண்டிகள்' என்று மக்கள் அவற்றை நகையாடினர். தீயும் ஆவியும் அவற்றில் இருந்தன; ஆனால் அவற்றை ஆள்வாரில்லை.

ஆட்சி மெல்ல மெல்ல வந்தது. 1891-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் லைப்சிக் நகரச் சந்தையில், தண்டவாளத்துடன் கூடிய இரயில் தொகுதியை ஒழுங்கான அளவுகளில் காட்சிக்கு வைத்தது. தனித்தனிப் பொம்மையாக இருந்தது, வாங்கி வாங்கிச் சேர்த்து வளர்க்கத்தக்க ஓர் அமைப்பாக மாறியது அப்பொழுதுதான். அமெரிக்காவில் யோசுவா லயனல் கோவன் என்பவர் 1900-ஆம் ஆண்டில் மின்சாரத்தால் ஓடும் சிறு வண்டியைச் செய்து விற்கலானார். இங்கிலாந்தில் பிராங்க் ஹார்ன்பி 1920-ஆம் ஆண்டில் சாவி கொடுத்து ஓடும் இரயில்களை வெளியிட்டார். சில ஆண்டுகளில் மின்சார வண்டிகளும் வந்தன. கைப்பிடியைத் திருப்பினால் வண்டி புறப்பட்டது. திருப்பி வைத்தால் நின்றது. வண்டியை ஆளும் வழி கிட்டிவிட்டது. ஆனால் சாராய விளக்கோடு ஆவியும் போய்விட்டது. புகைபோக்கி இருந்தது, புகை இல்லை.

இக்குறையைத் தீர்க்க எழுந்த முதற் பெருமுயற்சி 1946-ஆம் ஆண்டினது. இரண்டாம் உலகப்போர் முடிந்த மறு ஆண்டிலேயே லயனல் நிறுவனம் புகைவிடும் எஞ்சினை விற்பனைக்குக் கொண்டு வந்தது. புகைபோக்கிக்குள் ஒரு சிறு மாத்திரையைப் போட வேண்டும். உள்ளேயுள்ள விளக்கின் வெப்பத்தால் அது உருகிப் புகையும். அடுத்த ஆண்டிலேயே விளக்குக்குப் பதிலாகச் சூடேறும் கம்பிச்சுருள் அமைக்கப்பட்டது. சக்கரத்தோடு இணைந்த சிறு உந்துதண்டு காற்றைத் தள்ள, புகை விட்டுவிட்டு எழுந்தது. பின்னாளில் ஜெர்மனியின் சொய்தே நிறுவனம் செய்த சிறு குழாய்கள் பல நாட்டு எஞ்சின்களுக்குள்ளும் இடம்பெற்றன. குழாயினுள் சில துளி எண்ணெய் போன்ற நீர்மத்தை விட்டு மின்சாரத்தால் சூடேற்றினால், அது ஆவியாகி மேலெழுந்து, வெளிக்காற்றில் குளிர்ந்து நுண்துளிகளாகி வெண்மையாகத் தோன்றும். அது நிலக்கரிப் புகையும் அன்று, நீராவியும் அன்று. எண்ணெய்த் துளிகளால் ஆன மூடுபனி என்று சொல்லுதலே பொருந்தும்.

ஆயினும் கூர்ந்து நோக்குவோர்க்கு அதில் ஒரு குறை தென்பட்டது. சூடான கம்பி எப்போதும் ஒரே சீராகப் புகையைத் தந்துகொண்டிருந்தது. நிலையத்தில் நிற்கும்போதும், ஏற்றத்தில் மூச்சிரைக்கும்போதும், இறக்கத்தில் சும்மா உருளும்போதும் வேறுபாடில்லை. நாம் முன்னர்க் கூறிய கயிறு அங்கு அறுந்து கிடந்தது. அக்கயிற்றை மீண்டும் முடிவதற்கு, புகையைவிட ஆட்சிமுறையே முதலில் மாற வேண்டியிருந்தது.

பழைய மின்முறையில் தண்டவாளத்தின் மின்னழுத்தமே வண்டியின் வேகம். அழுத்தம் மிகுந்தால் வேகம் மிகும்; குறைந்தால் வேகத்தோடு விளக்கும் மங்கும், புகையும் தணியும். ஒரே பாதையில் இரண்டு எஞ்சின்கள் நின்றால் இரண்டும் சேர்ந்தே ஓடும்; ஒன்றை மட்டும் தனியே அழைக்க இயலாது. 1946-ஆம் ஆண்டிலேயே லயனல் நிறுவனம் வானொலி அலைபோன்ற உயர் அதிர்வெண் மின்னலைகளைத் தண்டவாளத்தில் செலுத்தி எஞ்சினுக்குக் கட்டளையிட முயன்றது. விலை மிகுதியால் அது நெடுநாள் நிலைக்கவில்லை. 1960-களில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனமும், 1979-இல் ஹார்ன்பி நிறுவனமும் இதே வழியில் முயன்றன. 1980-களின் நடுவில் மார்க்லின் தன் எண்முறைக் கட்டுப்பாட்டைக் கொணர்ந்தது. ஜெர்மானியப் பொறியாளர் லென்ஸ் உருவாக்கிய முறையை அடிப்படையாகக் கொண்டு, அமெரிக்காவின் தேசிய மாதிரி இரயில் சங்கம் 1990-களில் யாவர்க்கும் பொதுவான நியமம் ஒன்றை வகுத்தது.

அந்நியமத்தின் கருத்து எளியது. தண்டவாளத்தில் எந்நேரமும் முழு மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் அது நொடிக்குப் பல்லாயிரம் முறை திசை மாறும். குறுகிய துடிப்பு ஒன்று என்னும் எண். நீண்ட துடிப்பு சுழியம் என்னும் எண். குறுகிய துடிப்பின் ஒவ்வொரு பாதியும் நொடியின் பத்து லட்சத்தில் 58 பங்கு நேரமே நீடிக்கும். நீண்டது ஏறத்தாழ 100 பங்கு. இவ்வெண்களின் வரிசையே கட்டளை. ஒவ்வோர் எஞ்சினுக்கும் ஒரு முகவரி உண்டு. தபால்காரர் கதவெண் பார்த்துக் கடிதம் கொடுப்பதுபோல, எஞ்சினுள் இருக்கும் சிறு சில்லு தன் முகவரிக்கு வந்த கட்டளையை மட்டும் ஏற்றுக்கொள்கிறது. வேகம் வேறு, விளக்கு வேறு, சீழ்க்கை வேறு, புகை வேறு என்று தனித்தனியே ஆள முடிந்தது.

மற்றுமொரு நுட்பமும் கைகூடியது. மின்மோட்டார் சுழலும்போது தானும் சிறிது எதிர்மின்னழுத்தத்தை உண்டாக்கும். அதனை அளந்தால், மோட்டார் உண்மையில் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது, எவ்வளவு பாரத்தை இழுக்கிறது என்பது சில்லுக்குத் தெரிந்துவிடும். ஏற்றத்தில் எஞ்சின் திணறினால், ஒலிபெருக்கியில் கனத்த 'குப்' ஒலியும், புகைபோக்கியின் அடியிலுள்ள குட்டி விசிறியின் வேகமும் ஒருங்கே மிகும். சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு நான்கு என்னும் கணக்குப்படி விசிறி புகையைத் தள்ளும். உயர்ந்த வகைகளில், புறப்படும்போது சிலிண்டரின் அடியிலிருந்து பக்கவாட்டில் சீறும் ஆவிக்கெனத் தனிப்புகைக் கருவியே உண்டு. சிலர் எண்ணெயை விட்டு, செவிக்கு எட்டாத அதிர்வினால் நீரையே பனிபோலாக்கும் தகடுகளைப் பயன்படுத்துகின்றனர். அறுந்த கயிறு இவ்வாறு செயற்கையாக முடிச்சிடப்பட்டது.

இதன் கடைசிப் படியே திறன்பேசி. வைஃபை, புளூடூத் என்னும் கம்பியில்லா முறைகளால் கைப்பேசியின் கட்டளை நேரே எஞ்சினையோ, பாதைக்கு மின்சாரம் தரும் பெட்டியையோ சென்றடைகிறது. 2023-ஆம் ஆண்டில் ஹார்ன்பி நிறுவனமே புளூடூத் வழியாக ஓடும் சில்லுகளை வெளியிட்டது. கம்பியில்லாத் தொடர்பு பொருந்திய மலிவான சில்லுகள் இந்நாளில் எங்கும் கிடைப்பதால், மின்னணுவியல் பயிலும் மாணவன் தன் வீட்டிலேயே இத்தகைய கட்டுப்பாட்டை அமைத்துக்கொள்ள இயலும். செய்வோர் இரண்டொரு எச்சரிக்கைகளை மனத்திற் கொள்ளல் நன்று. புகைக்கருவியை நீர்மம் வற்றியபின் சூடேற்றினால் கம்பிச்சுருள் கருகிவிடும். எண்ணெய்ப்புகை தண்டவாளத்தில் படிந்து மின்தொடர்பைக் கெடுக்கும். மூடிய அறையில் நெடுநேரம் அதனைச் சுவாசித்தலும் தகாது.

நம் நாட்டில் இக்கலைக்கென ஒரு கோயில்போல் விளங்குவது, புனே நகரில் 1998 ஏப்ரல் 1-ஆம் நாள் திறக்கப்பட்ட ஜோஷி சிற்றுருவ இரயில்வே அருங்காட்சியகமாகும். பாவுசாகேப் ஜோஷி என்பவரின் வாழ்நாள் ஆர்வத்தில் விளைந்தது அது. ஆனால் இந்திய எஞ்சினைச் சிற்றுருவில் செய்ய முனைவோர்க்கு ஒரு தனித் தொல்லை உண்டு. உலகெங்கும் பெருவழக்கிலுள்ள சிறு பாதையின் அகலம் 16.5 மில்லிமீட்டர். அது ஐரோப்பியப் பாதையை 87-இல் ஒரு பங்காகக் குறைத்த அளவு. நம் அகலப் பாதையோ 1,676 மில்லிமீட்டர். அதை 87-ஆல் வகுத்தால் 19 மில்லிமீட்டருக்கு மேல் வரும். ஆகவே கடையில் கிடைக்கும் பாதையில் நம் எஞ்சினை வைத்தால் அதன் கால்கள் ஒடுங்கி நிற்கும். மாறாக, மல்காஜ்கிரி வழியே ஓடிய பழைய மீட்டர் பாதையை அவ்வளவில் குறைத்தால் பதினொன்றரை மில்லிமீட்டர் ஆகும். வழக்கிலுள்ள 12 மில்லிமீட்டர் பாதை அதற்கு ஏறக்குறையப் பொருந்திவிடும். தக்காணத்தின் சிறுபாதைக்கு இவ்வகையில் ஓர் அனுகூலம் வாய்த்திருக்கிறது.

அளவு பொருந்தினாலும் புகை பொருந்துமா என்பது அடுத்த வினா. வெளிநாட்டுப் படங்களில் எஞ்சினின் தலைமேல் மலைபோல் வெண்மேகம் திரண்டிருக்கும். அது குளிர்நாட்டுக் காட்சி. குளிர்ந்த காற்றில் ஆவி உடனே துளியாகித் திரளும். சித்திரை மாதத்துத் தக்காண வெயிலில், வறண்ட காற்று அந்த ஆவியை வெகுவிரைவில் குடித்துவிடும். உதகை செல்லும் மலை இரயிலில் பனிக்காலத்தில் காணும் வெண்புகையை, மே மாதத்து நிஜாமாபாத் பாதையில் எதிர்பார்க்க முடியாது. கரும்புகையின் கதையும் இத்தகையதே. சினிமாவிலும் பொம்மையிலும் கரும்புகையே கம்பீரம் என்று காட்டப்படுகிறது. ஆனால் கரும்புகை என்பது எரியாமல் வீணாகும் கரி. நெருப்பை நன்கறிந்த ஃபயர்மேன் மெல்லிய சாம்பல் நிறப் புகையையே விரும்புவார். கரியை அடுப்பில் மெலிதாகப் பரப்பி, சிறிது சிறிதாக இட்டு, நீர்மட்டத்தையும் அழுத்தத்தையும் கண்கொட்டாமல் பார்த்து அவர் நெருப்பை வளர்த்தார். மேசைமீது ஓடும் எஞ்சினில் புகை மிகுந்திருந்தால் நாம் மகிழ்கிறோம். மெய்யான எஞ்சினில் அத்தகைய புகை அவருக்குக் குறையாகவே தோன்றியிருக்கும்.

இங்கேதான் நாம் சிந்திக்க வேண்டிய செய்தி இருக்கிறது. சிறு வண்டி எதனைக் காக்கிறது, எதனை விட்டுவிடுகிறது? வடிவத்தைக் காக்கிறது, ஓசையைக் காக்கிறது, புகையின் தோற்றத்தையும் ஒருவாறு காக்கிறது. அடுப்பின் முன் நின்றவரின் உழைப்பை அது காட்டுவதில்லை. கோடைகாலத்தில் எரியும் அடுப்புக்கும் எரியும் வெயிலுக்கும் நடுவே மண்வாரியைச் சுழற்றியவரின் இடத்தைத் திறன்பேசியின் ஒரு விரல் அசைவு பிடித்துக்கொள்கிறது. அதில் தவறொன்றும் இல்லை; அத்துன்பம் ஒழிந்தது நன்மையே. ஆனால் அத்துன்பத்தோடு இணைந்திருந்த அறிவும் ஒழிந்துவிடலாகாது.

அவ்வறிவு இன்னும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. 1950-ஆம் ஆண்டில் நீராவி எஞ்சின் கட்டத் தொடங்கிய சித்தரஞ்சன் தொழிற்சாலை, 1972-ஆம் ஆண்டோடு அப்பணியை நிறுத்தியது. அதற்குள் 2,351 எஞ்சின்களைக் கட்டி முடித்திருந்தது. அகலப் பாதையில் முறையான நீராவிப் போக்குவரத்து 1995 டிசம்பரில் முடிவுற்றது. எனினும் 1855-இல் செய்யப்பட்ட பழம்பெரும் எஞ்சின்களான 'ஃபேரி குயீன்', 'இ.ஐ.ஆர். 21' ஆகியவற்றுக்குப் புத்துயிர் அளித்தவர்கள் சென்னைப் பெரம்பூர்ப் பணிமனைத் தொழிலாளர்களே. நீலகிரி மலை இரயிலுக்காகத் திருச்சிப் பொன்மலைப் பணிமனையில், இந்நூற்றாண்டிலேயே புத்தம் புதிய நீராவி எஞ்சின்கள் கட்டப்பட்டன. கை பழகிய தொழிலாளரின் நினைவு அழியாதிருந்ததனாலேயே இவையெல்லாம் இயன்றன.

1995-ஆம் ஆண்டில் இருபத்தைந்து வயது இளைஞராக எஞ்சினில் கரி அள்ளியவர் இன்று ஐம்பதைக் கடந்துவிட்டார். அவருக்குக் கற்பித்தவர்களோ முதுமையின் எல்லையில் இருக்கின்றனர். மல்காஜ்கிரியும் லாலாகுடாவும் ஓய்வுபெற்ற இரயில்வே ஊழியர் மிகுதியாக வாழும் பகுதிகள். அவர்களுள் தமிழரும் உண்டு, தெலுங்கரும் உண்டு, உருது பேசுவோரும் உண்டு. எஞ்சினின் ஓசை எப்போது சீராக இருந்தது, எப்போது ஒரு 'குப்' தவறியது, அத்தவற்றைக் கேட்டு எந்தப் பகுதியைச் சரிசெய்தார்கள் என்பன எந்தப் பொம்மைக் கடையிலும் கிடைக்காத செய்திகள்.

நம் இல்லத்துச் சிறுவன் மேசைமேல் வண்டியை ஓட்டி மகிழட்டும். அதன் ஓசையையும் புகையையும் தானே திருத்தியமைத்துப் பழகட்டும். மின்சாரமும் கணக்கும் அவனுக்கு இன்பமாக விளங்கும். அவ்வாறு ஓட்டும்போது, தெருவிலுள்ள முதியவர் ஒருவரையும் அழைத்து அருகில் அமர்த்துவோமாக. "தாத்தா, எஞ்சின் இப்படித்தான் சத்தம் போடுமா?" என்று அவன் கேட்கட்டும். அவர் சொல்லும் விடையை, வண்டியை நடத்தும் அதே கைப்பேசியில் பதிவு செய்துவைக்கட்டும். பேசுவோர் நம்மிடையே இருக்கும்போதே அதனைச் செய்துவிடுதல் நம் கடமையாகும்.